சுவிஸிலிருந்து வந்த லப்டொப்

அம்மா லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விட்டார்.

"அம்மா, வயர் கொழுவிக் கிடக்கு, கவனம்!" என்று கடைக்காரர் பின்னால் ஓடினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்கு முன்னால் ஓடும் கண்டி வீதியில் பஸ்ஸும் லொறியும் புழுதி கிளப்பிக்கொண்டு போக, கிளிநொச்சி வெயிலில் அதைச் சரித்தும் நிமிர்த்தியும் பார்த்தார். சேலைக் கடையில் உள்ளே எரிகிற வெளிச்சத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. எந்தச் சேலையானாலும் வாசலுக்கு வந்தால்தான் அதன் நிறம் தெரியும் என்பார். அன்றைக்கு லப்டொப்புக்கும் அதே விதி.

"என்ர முகந்தான் தெரியுது. ஒரு எழுத்தும் தெரியேல்லை," என்றார்.

"அம்மா, இதை வெயிலுக்க வைச்சுப் பாக்கிறேல்லை," என்றேன் நான்.

"அப்ப எங்க வைச்சுப் படிப்பாய்? எங்கட வீட்டில வெயில் வராத இடம் எது, சொல்லு பாப்பம்?"

அது நியாயமான கேள்வி. எங்கள் தர்மபுரம் வீட்டில் சமைக்கிற குசினியைத் தவிர எல்லா இடத்திலும் வெயில் வரும்.

பிறகு லப்டொப்பை மூடி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்லை. கொண்டு ஓடலாம்," என்றார்.

கடைக்குள் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. யுத்த நேரம் இடம்பெயர்ந்து ஓடியபோது, தையல் மெசின் பாரமென்று நடுவழியில் விட்டுவிட்டு வந்தவர் என் அம்மா. அதன் பிறகு வீட்டுக்கு எந்தப் பொருளையும் தூக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. மேசை விசிறி, மிக்சி, ஏன், பிளாஸ்டிக் கதிரையைக்கூடத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பார்.

அப்பாவின் கவலை வேறு. அவர் வயல்காரர். இரண்டு சில்லு உழவு இயந்திரம் வாங்கப் போனபோது, கடையிலேயே அதை முடுக்கிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஓட விட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். லப்டொப்பில் கேட்பதற்குச் சத்தம் இல்லை என்பது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

"தம்பி, இதுக்குச் சாமான் கிளிநொச்சியில எடுக்கலாமோ?"

"என்ன சாமான் ஐயா?"

"உடைஞ்சாப் போடுற சாமான்."

கடைக்காரர் எடுக்கலாம் என்றார். அப்பா முகம் தெளிந்தது.

எனக்கு வேண்டியது எது என்று எனக்கு முன்பே தெரியும். விசுவமடு ஜீவா அக்கா எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர். நான் போக இருந்த அதே பல்கலைக்கழகத்தில் அதே கணினி விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தவர். அவர் வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "பெரிய திரைக்கு ஆசைப்படாத, விடுதிப் படியில தூக்கிக்கொண்டு ஏறுறது நீதான். ராம் எட்டுக்குக் குறையக் கூடாது. எஸ்எஸ்டி எண்டு கேட்டு வாங்கு. பற்றரி நிண்டு பிடிக்க வேணும். வடிவு பாக்காத, விளங்கிச்சோ?" அந்தக் குரலை நான் பாடமாக்கியே வைத்திருந்தேன். அம்மா வாசலுக்குக் கொண்டுபோன அந்தச் சாம்பல் நிற லப்டொப்பில் எல்லாம் இருந்தன.

"இதையே கட்டுங்கோ," என்றேன்.

கடைக்காரர் பெட்டியை எடுத்தார். அப்போது அப்பாவின் போன் அடித்தது.

வாங்கிப்போடாதேங்கோ

குமரன் சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே சுவிஸுக்குப் போனவர். அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. எங்கள் வீட்டுக் கூரை, கிணற்று மோட்டர், என் சைக்கிள் என்று அவர் கை படாத பொருள் எங்கள் வளவில் குறைவு.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"கடையிலதான். பிள்ளைக்கு லப்டொப் எடுக்கிறம்."

"வாங்கிப்போடாதேங்கோ! நான் இஞ்ச எடுத்திட்டன். நல்ல சாமான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை இல்லையென்று ஆட்டினேன். அப்பா வீதியைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "குறை நினையாதேங்கோ தம்பி," என்றார். பெட்டி திரும்பவும் தட்டுக்கு ஏறியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலில் வந்து நின்று, எதிரே இருந்த ரயர் கடையைப் பார்த்தபடி அழுதேன். அம்மா பக்கத்தில் வந்து, "வெளிநாட்டுச் சாமான் பிள்ளை. எப்பிடியும் இதைவிட நல்லாத்தான் இருக்கும்," என்றார். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வசனத்துக்கு எதிர்ப் பேச்சு கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த சவர்க்காரம்கூட அலுமாரியில் உடுப்புக்கு நடுவே வருஷக்கணக்காக மணத்துக்கொண்டு இருக்கும்.

செருப்பைக் கழற்றுகிற அறை

அந்த அழுகையின் காரணம் விளங்க வேண்டுமானால் என் பள்ளிக்கூடத்துக் கணினி அறையைச் சொல்ல வேண்டும்.

அந்த அறைக்குள் போக வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே திரைச்சீலை போட்டு இருட்டாக இருக்கும். கணினி ஒவ்வொன்றும் பூப்போட்ட துணி உறைக்குள் இருக்கும். ஆசிரியை உறையைக் கழற்றி, மடித்து வைத்து, ஊதி, பிறகு ஒன்றைத் தொடக்குவார். ஐந்து பேருக்கு ஒன்று. நால்வர் பார்க்க ஒருவர் தட்டுவார். என் முறை வரும் நேரம் பார்த்து மணி அடிக்கும், இல்லாவிட்டால் கரண்ட் போகும்.

கணிதப் பிரிவில் படித்துக் கணினி விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "பேசாமல் ரீச்சராப் போகலாமே. கொம்பியூட்டரைக் கண்டே இராத பிள்ளை என்னெண்டு தாக்குப் பிடிக்கும்?" அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வருகிறவர்கள் சின்ன வயதிலிருந்தே தட்டிப் பழகியவர்கள். அவர்களோடு நான் முதல் வருஷம் தோற்றுப்போனால், "அப்பவே சொன்னம்" என்று சொல்ல ஊரே காத்திருந்தது. சேருவதற்கு முன் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாளில் எனக்கென்று ஒரு லப்டொப் கையில் வந்தால், ஒருவருடைய முறையையும் பார்த்துக்கொண்டிராமல் விடிய விடியப் பழகலாம் என்பதுதான் என் திட்டம். அந்தத் திட்டம்தான் கடைத் தட்டுக்குத் திரும்பிப் போனது.

ஆர் வாறினம்?

வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் வருவதென்றால் எங்கள் ஊரில் அது தபாலில் வராது. ஆளோடுதான் வரும். "ஆர் வாறினம்?" என்று சித்தப்பா அங்கே விசாரிக்க, "ஆரும் வருகினமோ?" என்று நாங்கள் இங்கே விசாரிக்க, நாட்கள் போயின. ஒருவர் கோயில் திருவிழாவுக்கு வருகிறார் என்றார்கள். அவர் பயணத்தைத் தள்ளிப் போட்டார். இன்னொருவர் வந்தார், ஆனால் பெட்டியில் நிறை கூடிவிட்டதென்று லப்டொப்பை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். சொக்லேற் வந்து சேர்ந்தது. அந்தச் சொக்லேற்றை நான் தொடவே இல்லை. அவ்வளவு கோபம்.

கடைசியில் மாங்குளத்தில் ஒரு கலியாணத்துக்கு வந்தவர் கொண்டுவந்தார். அப்பா மோட்டார் சைக்கிளில் போய், சாக்கு ஒன்றில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் பல்கலைக்கழகம் தொடங்க நாலைந்து நாள்தான் இருந்தது.

சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, அம்மா மூடியில் சந்தனப் பொட்டு வைத்த பிறகுதான் திறக்க விட்டார். கறுப்பு. மெல்லியது. மூடி திறக்கும்போது சத்தமே இல்லை. கிளிநொச்சிக் கடையில் பார்த்தது இதற்குக் கிட்டவும் வராது. என் கோபம் அந்த இடத்திலேயே கரைந்துபோனது.

பிறகுதான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

ஆங்கிலத்தின் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடந்தன. வலது பக்கத்தில் தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்துகள் மூன்று. நிரல் எழுதுகிறவர்களுக்கு அரைப்புள்ளியும் வளைந்த அடைப்புக்குறியும் இல்லாமல் ஒரு வரியும் நகராது. அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்த ஓ இருந்தது. அடைப்புக்குறியோ ஒரு விசையின் மூலையில், எறும்பு அளவில். அதை எடுக்க இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

"இது ஜெர்மன் கீபோர்ட் அப்பா."

"அதுக்கென்ன? ஓடுதுதானே?"

"எனக்கு வேண்டிய எழுத்து இதில சரியான இடத்தில இல்லை."

அப்பா கனநேரம் அந்த எழுத்துகளைப் பார்த்தார். "சித்தப்பாட்டச் சொல்லாத," என்றார். "அவன் தேடி எடுத்தவன். மனம் நொந்து போவான்."

வேறொன்று வாங்கலாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. லப்டொப்புக்கென்று வைத்திருந்த காசு அதற்குள் உழவுக்கும் உரத்துக்கும் போயிருந்தது.

அன்று பின்னேரம் சித்தப்பா வீடியோவில் வந்தார். "எப்பிடிப் பிள்ளை லப்டொப்?"

"நல்லா இருக்கு சித்தப்பா."

"கீபோர்ட் வடிவோ?"

"ஓம் சித்தப்பா."

அவர் ஏன் தனியாக விசைப்பலகையைக் கேட்டார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

துவாய்க்குக் கீழே கை

பல்கலைக்கழகத்தில் செய்துகொடுக்கச் சொன்ன முதல் ஒப்படையையே பிந்தித்தான் கொடுத்தேன். மற்றவர்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டே தட்டுகிற நிரலை நான் குனிந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடைப்புக்குறி வரும்போதெல்லாம் யோசித்தது மறந்துபோகும். ஊரில் சொன்னது சரிதானோ என்று பயந்தேன். வீட்டுக்குத் திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன்.

ஜீவா அக்கா ஒருநாள் என் அறைக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இவ்வளவு நாளும் இதோடயோ மாரடிக்கிறாய்? வாயில என்ன கொழுக்கட்டையோ, கேக்கிறதுக்கென்ன?"

ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு இடத்தில் தட்டினார். அவ்வளவுதான். "இப்ப கொம்பியூட்டருக்கு இது இங்கிலீஷ் கீபோர்ட். ஆனா மேல அச்சடிச்சிருக்கிற எழுத்தை நம்பினியோ, துலைஞ்சாய்."

"எழுத்து ஒட்டுற ஸ்டிக்கர் வாங்கட்டே அக்கா?"

"வேர்வைக்கு ஒரு கிழமையில கழண்டு விழும். பாக்காமல் பழகு."

அப்படியே தலை துவட்டுகிற துவாய் ஒன்றை எடுத்து என் கைக்கும் விசைப்பலகைக்கும் மேலாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

துவாய்க்குக் கீழே கையை விட்டுக்கொண்டு தட்டிப் பழகினேன். "பிள்ளைக்குக் குளிருதோ?" என்று விடுதிப் பெண்கள் வந்து வந்து கேட்டார்கள். ஒருத்தி தாலாட்டே பாடினாள். பாடட்டும் என்று விட்டேன். அந்தத் தவணை முடிவதற்குள் துவாயை எடுத்தாலும் என் கண் கீழே போகாது என்ற நிலை வந்துவிட்டது. செய்முறைப் பரீட்சையில், சின்ன வயதிலிருந்து தட்டியவர்கள் கீழேயும் மேலேயும் பார்த்துக்கொண்டிருக்க, நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் முடித்துவிட்டு வெளியே வந்து பிளேன்ரீ குடித்தேன். அந்தத் தேத்தண்ணியின் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

இன்னொரு வசதியும் கிடைத்தது. என் லப்டொப்பை ஒருவரும் இரவல் கேட்கமாட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து திருப்பித் தந்துவிடுவார்கள்.

சாமான் எடுக்கலாமோ என்று அப்பா அன்றைக்குக் கடையில் கேட்ட கேள்வி மட்டும் சும்மா விடவில்லை. சார்ஜரின் சுவிஸ் செருகி எங்கள் சுவர்த் துளைகளுக்குப் பொருந்தாது. அதற்கொரு மாற்றி, மாற்றி விழாமல் இருக்கக் கீழே ஒரு கல். நாலு வருஷமும் அந்தக் கல் என்னோடு அறைக்கு அறை வந்தது.

பழுதாப் போச்சோ?

படிப்பு முடிந்து கிளிநொச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். சில நாள் வீட்டிலிருந்தும் வேலை. அம்மா சொன்ன வெயில், மேசையில் விழத்தான் செய்கிறது. நான் கதிரையை இழுத்து இழுத்துக் குசினி வாசல்வரை போய்விடுவேன். லப்டொப் அதே சுவிஸ் லப்டொப். பற்றரியை மட்டும் மாற்றினேன்.

அப்படியிருக்கையில்தான் போன மாரி மழை முடிகிற நேரம் சித்தப்பா ஊருக்கு வந்தார். அவரை நான் நேரில் கண்டது அப்போதுதான் முதல்முறை. போனில் பார்த்ததைவிடக் குள்ளம். வந்த நாளிலிருந்து காலையில் எழுந்தவுடன் வயல் வரம்புக்குப் போய்விடுவார். நெல் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்.

ஒரு மத்தியானம் நான் வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழும்ப, சித்தப்பா கதிரையில் வந்து இருந்தார்.

"பிள்ளை, இதில ஒரு மெயில் அடிக்கட்டே? திங்கள் வேலைக்கு வாறன் எண்டு அறிவிக்க வேணும்."

"அடியுங்கோ சித்தப்பா."

இரண்டு விரலால் தட்டினார். நிறுத்தினார். அழித்தார். திரும்பத் தட்டினார்.

"பிள்ளை, உது பழுதாப் போச்சோ? நான் ஒண்டு அடிக்க வேறொண்டு வருது."

அப்பா கை கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே நின்றார். நான் உண்மையைச் சொன்னேன். "பழுதில்லை சித்தப்பா. நான் இங்கிலீஷுக்கு மாத்தி வைச்சிருக்கிறன்."

"எப்பவிருந்து?"

"கொண்டுபோன முதல் தவணையிலயிருந்து."

"அப்ப இந்த எழுத்தில நீ பழகவே இல்லையோ?"

"இல்லை சித்தப்பா."

அவர் புள்ளி வைத்த ஓவின் மேல் விரலை வைத்தபடி இருந்தார். "கடையில இங்கிலீஷ் கீபோர்ட்டும் இருந்தது," என்றார். "வேணுமெண்டுதான் இதை எடுத்தனான். நீ படிச்சு முடிச்சு அங்க வருவாய் எண்டு நினைச்சன். நான் முப்பது வயசுக்குப் பிறகு டொச் பாசை வகுப்புக்குப் போய், இந்த எழுத்து ஒவ்வொண்டையும் தேடித் தேடி அடிச்சுப் பழகினனான். பக்கத்தில இருந்த பெடியள் சிரிப்பாங்கள். நீயெண்டாலும் வரேக்க பழகிக்கொண்டு வர வேணும் எண்டுதான்."

விசைப்பலகை வடிவோ என்று அவர் கேட்டதன் அர்த்தம் இத்தனை வருஷம் கழித்து அந்த மத்தியானம்தான் எனக்கு விளங்கியது. கடையில் அம்மா நான் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதைத் தேடினார். அப்பா ஊரில் திருத்தக்கூடியதைத் தேடினார். சித்தப்பா என்னை அங்கே கூப்பிடக்கூடியதைத் தேடியிருக்கிறார்.

"இப்பவும் பிந்தேல்லை," என்றார் மெதுவாக. "அங்க மேல்படிப்புக்கு விசாரிச்சு வைச்சிருக்கிறன். என்னோடயே இருக்கலாம்."

அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். அப்பா சுவரைப் பார்த்தார். ஒருவரும் எனக்காகப் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

"நான் வரேல்லை சித்தப்பா. எனக்கு இஞ்ச வேலை பிடிச்சிருக்கு. இஞ்சயே இருக்கத்தான் விருப்பம்."

"வடிவா யோசிச்சோ சொல்லுறாய்?"

"ஓம். எப்பவோ யோசிச்சிட்டன்."

சித்தப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெளியே பார்த்தார். விறாந்தைக்கு அப்பால் வயல் பளீரென்று கிடந்தது. அறுக்கிற மெசின் ஒன்று தூரத்தில் யாருடைய வயலிலோ இரைந்தது.

"அப்ப நான் அனுப்பினது வீணாப் போச்சு," என்றார்.

"என்ன கதை கதைக்கிறியள்? நான் படிச்சதும் இதில, உழைக்கிறதும் இதில," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

அவர் லப்டொப்பை என் பக்கம் திருப்பினார். பிறகு, "இதைப் பழையபடி ஆக்கித் தா பிள்ளை. எழுத்து எங்க இருக்கோ அங்க வரட்டும்," என்றார்.

மாற்றிக் கொடுத்தேன். அவர் இரண்டு விரலால், எழுத்தெழுத்தாக, உதடு அசைய அசைய அடித்தார். புள்ளி வைத்த எழுத்து வரும்போதெல்லாம் விரல் நேரே அங்கே போனது. அனுப்பிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"திங்கள் வாறன் எண்டோ எழுதினியள்?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை அண்ணை. அண்ணன்ர வயல் இன்னும் அறுக்கேல்லை, அறுத்து முடியத்தான் வருவன் எண்டு எழுதினனான்."

அப்பா போய் மண்வெட்டியை எடுத்தார். சித்தப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை வேலைக்கு இருந்தேன். முதல் வரி முடிவில் அரைப்புள்ளி வர வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி வைத்த ஓ வந்து நின்றது. மாற்றுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. மாற்றவில்லை. சித்தப்பா ஊரில் நின்ற நாளெல்லாம், அந்த லப்டொப்பில் நான் குனிந்து எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினேன்.